கம்பியில்லா இணையமும் கையிலுள்ள காசும்

எலக்ட்ரானிக்ஸ் மாணவன் மலருக்குக் கட்டுரை எழுதினால் டிரான்சிஸ்டர் பற்றித்தான் எழுதுவான் என்று நினைத்திருப்பீர்கள். நான் ஷேர் பற்றி எழுதப்போகிறேன். காரணம் இருக்கிறது. அப்ரண்டிஸ் போன நம்ம சீனியர்களில் பலர் முதல் மாத ஸ்டைபண்ட் வந்ததுமே டீமேட் கணக்கு திறந்துவிடுகிறார்கள். "டெலிகாம் ஷேர் வாங்குடா, நமக்குத்தான் டெக்னாலஜி தெரியுமே" என்பது விடுதியில் அடிக்கடி காதில் விழும் வசனம். டெக்னாலஜி தெரிந்தால் மட்டும் போதுமா? இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு கதை நல்ல பாடம்.

கிரெய்க் மெக்கா என்பவர் 2003-ல் தொடங்கிய கம்பெனி கிளியர்வயர். கம்பியில்லாமல் அதிவேக இணையம் தருவதுதான் தொழில். பின்னாளில் அது நம்பிய தொழில்நுட்பம் வைமாக்ஸ், அதாவது ஐஇஇஇ 802.16இ தரம். 2007 மார்ச்சில் ஒரு ஷேர் 25 டாலர் என்று பொதுமக்களுக்கு விற்று 60 கோடி டாலர் திரட்டியது.

இன்னொரு பக்கம் ஸ்பிரின்ட் என்ற பெரிய செல்போன் கம்பெனி. அதன் கையில் 2.5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை நிறைய இருந்தது. இருவரும் 2007 ஜூலையில் கைகுலுக்கினார்கள். 18.5 கோடி மக்கள் வாழும் பகுதிகளில் ஸ்பிரின்ட் வலையமைப்பு கட்டும், 11.5 கோடி மக்கள் பகுதிகளில் கிளியர்வயர் கட்டும், இருவரின் வாடிக்கையாளரும் இரண்டு பக்கமும் பயன்படுத்தலாம் என்பது ஏற்பாடு. கேட்க நல்லாத்தான் இருந்தது. நாலே மாதத்தில், 2007 நவம்பரில், கூட்டணி முறிந்தது! ஸ்பிரின்ட்டின் தலைமை அதிகாரி அதற்கு முந்தைய மாதம்தான் பதவி விலகியிருந்தார். 2005-ல் வாங்கிய நெக்ஸ்டெல் கம்பெனியால் வந்த தலைவலி வேறு. அதன் கணக்கில் பின்னர் 2,970 கோடி டாலரை ஸ்பிரின்ட் தள்ளுபடி செய்ய நேர்ந்தது.

சரி, முறிஞ்சுபோச்சு, அத்தோட முடிஞ்சதா என்றால் இல்லை. 2008 மே மாதம் அதே இருவர் மறுபடியும் ஒன்று சேர்ந்தார்கள். இந்த முறை சும்மா ஒப்பந்தம் இல்லை, ஸ்பிரின்ட்டின் வைமாக்ஸ் பிரிவையும் பழைய கிளியர்வயரையும் இணைத்து ஒரே கம்பெனி. அதில் பணம் போட்டவர்களைப் பாருங்கள்: காம்காஸ்ட் 105 கோடி டாலர், இன்டெல் 100 கோடி, டைம் வார்னர் கேபிள் 55 கோடி, கூகுள் 50 கோடி, பிரைட் ஹவுஸ் 10 கோடி. ஆக 320 கோடி டாலர். இத்தனை பெரிய தலைகள் பணம் போடும்போது நாமும் போடலாமே என்று தோன்றும்தானே? இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும்.

இன்டெல் ஏன் போட்டது? வைமாக்ஸ் பரவினால் லேப்டாப்புக்கு அதன் சிப் விற்கும். கேபிள் கம்பெனிகள் ஏன் போட்டன? தங்கள் வாடிக்கையாளருக்கு மொபைல் இணையமும் சேர்த்து விற்கலாம். ஷேர் விலை இறங்கினாலும் அவர்களுக்கு வேறு வழியில் வரவு வர இடமுண்டு. ஸ்டைபண்ட் காசில் வாங்குகிறவனுக்கு ஷேர் விலை ஒன்றே வழி. பெரிய கம்பெனி வாங்கியது என்பதை மட்டும் பார்த்து வாங்கக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்போ நம்ம பாடத்துக்கு வருவோம். 2.5 கிகாஹெர்ட்ஸின் அலைநீளம் எவ்வளவு? ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் 12 செ.மீ. போட்டியாளரான வெரைசான் எல்டிஇ-க்கு எடுத்துக்கொண்ட 700 மெகாஹெர்ட்ஸில் சுமார் 43 செ.மீ. தடையில்லாத வெளியில் ஒரே தூரத்துக்கு இரண்டுக்கும் உள்ள இழப்பு வித்தியாசம் 20 லாக் (2500/700), அதாவது சுமார் 11 டெசிபல். நகரத்தில் தூரம் பத்து மடங்கானால் இழப்பு சுமார் 40 டெசிபல் கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போ 11 டெசிபல் என்பது எட்டும் தூரத்தை ஏறக்குறைய பாதியாக்கிவிடும். பரப்பு தூரத்தின் வர்க்கம் ஆச்சே! அதே ஊரை மூட மூன்று மடங்குக்கு மேல் டவர் வேண்டும். சுவரைத் தாண்டி வீட்டுக்குள் நுழைவதிலும் இந்த அலை பலவீனம். டவர் வாடகை, மின்சாரம், அங்கிருந்து இணைப்பு கொண்டுபோகும் செலவு எல்லாமே பெருகும். (மூன்றாம் செமஸ்டரில் இந்தச் சூத்திரத்தை மனப்பாடம் செய்தபோது இதில் இவ்வளவு பணம் அடங்கியிருக்கும் என்று யாரும் சொல்லித் தரவில்லை!)

காசு கரைந்தது. 2010 நவம்பரில் கிளியர்வயரே தன் அறிக்கையில், தொடர்ந்து தொழில் நடத்த முடியுமா என்பதில் ஐயம் இருப்பதாக எழுதி, ஊழியரில் 15 சதவீதம் பேரைக் குறைத்தது. அடுத்த மாதமே வெரைசானின் எல்டிஇ 38 நகரங்களில் தொடங்கியது. உலகம் எல்டிஇ பக்கம் சாய்ந்துவிட்டது. 2011 ஆகஸ்டில் கிளியர்வயரும் எல்டிஇ-க்கு மாறப்போவதாக அறிவித்தது.

பணம் தீர்ந்த கம்பெனி என்ன செய்யும்? கடன் வாங்கும், அல்லது புது ஷேர் அச்சிடும். நாலு பேர் பங்கு போட்டு நடத்தும் டீக்கடையில் பால் வாங்கக் காசில்லை என்று இன்னும் நாலு பேரைச் சேர்த்தால் உங்கள் கால் பங்கு அரைக்கால் ஆகிவிடும் இல்லையா, அதேதான். இன்னொரு சிக்கலும் உண்டு. பாதிக்கு மேற்பட்ட பங்கு ஸ்பிரின்ட் கையில். கிளியர்வயருக்குப் பெரிய வாடிக்கையாளரும் ஸ்பிரின்ட்தான். வாடிக்கையாளர் விலை குறைய வேண்டும் என்பான், முதலாளி கூட வேண்டும் என்பான். இரண்டும் ஒரே ஆள் என்றால் சின்ன பங்குதாரர் கதி என்ன?

கூகுள் ஒரு ஷேர் 17 டாலர் கணக்கில் வாங்கியது. முதலீடு நிறைவேறி சில வாரங்களுக்குள், 2008 ஆண்டுக் கணக்கிலேயே, 35.5 கோடி டாலரை நட்டமாக எழுதியது. 2012-ல் எல்லாவற்றையும் 1.60 டாலர் வீதம் விற்று வெளியேறியது. 50 கோடி போட்ட இடத்தில் கிடைத்தது சுமார் 4.7 கோடி.

ஆனால் கதையின் இந்த இடத்தைத்தான் நான் ரசித்துப் படித்தேன். 2012-ல் அந்த ஷேர் ஒரு டாலருக்கும் கீழே போனது. தொழில்நுட்பம் தோற்றது உண்மை, ஆனால் அலைவரிசை எங்கேயும் போகவில்லையே! 2012 டிசம்பரில் மீதிப் பங்குகளுக்கு ஸ்பிரின்ட் 2.97 டாலர் தருவதாகச் சொன்னது. டிஷ் நெட்வொர்க் குறுக்கே புகுந்து 3.30 என்றது, பிறகு 4.40 என்றது. கடைசியில் 2013 ஜூலையில் ஸ்பிரின்ட் 5 டாலர் கொடுத்து முடித்தது. 25-க்கு வாங்கியவனுக்கு ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சியது. ஒரு டாலருக்கு வாங்கியவனுக்கோ ஐந்து மடங்கு! ஒரே கம்பெனி, ஒரே அலைவரிசை. அதற்காக விழுந்த ஷேரையெல்லாம் பொறுக்கலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். டிஷ் வந்திராவிட்டால் 2.97-லேயே முடிந்திருக்கலாம். அலைவரிசை இல்லாமல் வெறும் டவரும் மோடமும் வைத்திருந்த கம்பெனி என்றால் அதுவும் கிடைத்திருக்காது.

அந்த அலைவரிசையில் ஒரு பகுதி கல்வி நிறுவனங்களுக்குச் சொந்தமானது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1960-களில் பாட ஒளிபரப்புக்காகப் பள்ளி கல்லூரிகளுக்கு ஒதுக்கிய அலைவரிசையை அவர்கள் கம்பெனிகளுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். ஆகவே ஒரு டெலிகாம் ஷேரைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது, அலைவரிசை சொந்தமா குத்தகையா, எத்தனை ஆண்டுக்கு, என்ன அதிர்வெண் என்பதைத்தான். அடுத்து கையிருப்பு எத்தனை மாதத்துக்கு வரும் என்பதை. இவையெல்லாம் ஆண்டறிக்கையின் நடுப்பக்கங்களில் சின்ன எழுத்தில் இருக்கும், படிக்கப் பொறுமை வேண்டும்.

ஸ்பிரின்ட் 2020 ஏப்ரலில் டி-மொபைலுடன் இணைந்தது. அந்த 2.5 கிகாஹெர்ட்ஸ்தான் டி-மொபைலின் 5ஜி சேவைக்கு முதுகெலும்பானது. எட்டாத அலை என்று ஏளனம் செய்யப்பட்டது, அகலம் அதிகம் என்பதால் கொண்டாடப்பட்டது. 2013-ல் 5 டாலரை வாங்கிக்கொண்டு போன பங்குதாரர்களுக்கு அதில் பங்கு கிடையாது.