அறக்கட்டளையும் கூட்டுறவும்

நிகர லாபம் கண்ட சங்கங்கள் சிலவற்றில், உறுப்பினர்தம் பிள்ளைகளின் படிப்பிற்காக ஓர் அறக்கட்டளை நிறுவலாமா என்ற யோசனை மகாசபையில் எழுவதுண்டு. யோசனை நல்லதே. ஆயினும், பத்திரம் எழுதுவதற்கு முன்பே ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும்: இதன் பயன் யாரைச் சென்றடையும்? வரிச் சலுகை கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் பெரிதும் இவ்விடையைப் பொறுத்தனவாகும்.

கூட்டுறவின் உயிர் பரஸ்பர உதவி. அறத்தின் உயிர் பொது நன்மை. இரண்டும் போற்றத்தக்கவை, எனினும் சட்டம் இவற்றை ஒன்றாகக் கொள்வதில்லை. ஏழைகளுக்கு உதவுதல், கல்வி, மருத்துவ உதவி, பொதுமக்களுக்குப் பயன்படும் பிற நோக்கங்கள் ஆகியவற்றை 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் அறச் செயல்களாக வகுத்தது. நோக்கம் கல்வியாக இருந்தால் மட்டும் போதாது. பயன் பெறுவோர் பொதுமக்களாகவோ, அவர்களில் ஒரு பகுதியினராகவோ இருத்தல் வேண்டும்.

இதனை விளக்க இரண்டு வழக்குகளைக் காண்போம். பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனியிலும் அதன் துணைக் கம்பெனிகளிலும் வேலை செய்வோரின் பிள்ளைகளுக்குக் கல்வி அளிக்க இங்கிலாந்தில் ஒரு நிதி ஏற்படுத்தப்பட்டது. ஊழியர் தொகை 1,10,000-க்கும் மேல். அப்படியிருந்தும், 1951-இல் பிரபுக்கள் சபை அதனை அறக்கட்டளையாக ஏற்கவில்லை. ஒரே முதலாளியிடம் வேலை செய்யும் தொடர்பே அப்பிள்ளைகளை ஒன்றாக்கியது. தலைகள் எத்தனையாயினும் அவர்கள் பொதுமக்களின் பகுதி ஆகார் என்பது தீர்ப்பு. மற்றொன்று, ஆமதாபாத் ராணா சாதிச் சங்கத்தின் வழக்கு. அந்நகரைச் சேர்ந்த ஒரு சமூகத்தாரின் நன்மைக்கான அச்சங்கம் அறநிலையமே என்று நமது உச்ச நீதிமன்றம் 1971-இல் தீர்த்தது. அவர்களைப் பிணைத்தது ஒரு தனி மனிதனோடு உள்ள தொடர்பன்று, பொதுவானதொரு தன்மையே என்பது காரணம். ஆனால் இத்தீர்ப்பை நம்பி இன்று சாதிக்கென அறக்கட்டளை எழுதுதல் கூடாது. 1962 ஏப்ரல் 1 முதல் தோன்றிய அறக்கட்டளைகள் குறிப்பிட்ட ஒரு சாதிக்கோ மதச் சமூகத்திற்கோ உரியனவாயின், அவற்றிற்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கு மறுத்தது.

அப்படியானால் சங்கத்திற்குச் சலுகையே இல்லையா? உண்டு, அதன் வழி வேறு. குடிசைத் தொழில் நடத்தும் சங்கத்திற்கும், உறுப்பினர் விளைவித்த பொருளை விற்றுத் தரும் சங்கத்திற்கும், அத்தொழில்களில் வரும் லாபம் முழுவதையும் கழித்துக் கொள்ள 1961-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. 2026 ஏப்ரல் 1 முதல் அதன் இடத்தைப் பெற்ற 2025-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் கூட்டுறவுச் சங்கங்களுக்குரிய கழிவு இடம் பெற்றுள்ளது. ஆனால் கழிவு தொழிலின் லாபத்திற்கே உரியது. கர்நாடகத்துச் சிர்சியில் உள்ள விற்பனைச் சங்கமொன்று, உறுப்பினர் விளைபொருளை விற்ற பணத்தில் உடனே தேவைப்படாததைக் குறுகிய கால வைப்பில் இட்டது. அதில் கிடைத்த வட்டி தொழில் லாபம் ஆகாது, அதற்குக் கழிவு இல்லை என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. உபரிப் பணத்தை வைப்பில் இடும் நிர்வாகக் குழுவினர் இதனை மறத்தலாகாது.

ஆகவே உறுப்பினர்கள் மனங்கொள்ள வேண்டியவை இவை:

1. நம் உறுப்பினர் பிள்ளைகளுக்கு மட்டுமே உதவ விருப்பமாயின், சட்டமும் உபவிதிகளும் அனுமதிக்கும் அளவில் சங்கத்தின் நிதியிலிருந்தே உதவுக. அதற்கு அறக்கட்டளை என்ற பெயர் வேண்டா.

2. அறக்கட்டளையே நிறுவுவதாயின், 'இவ்வட்டத்தில் வாழும் ஏழை மாணவர்கள்' என்பது போலப் பத்திரத்தில் பொதுவாக எழுதுக. தகுதியுடைய உறுப்பினர் பிள்ளைகளும் அவர்களுள் அடங்குவர். நிறுவினோர்க்கும் அறங்காவலர்க்கும் அவர்தம் உறவினர்க்கும் தனிப்பயன் சேருமாயின் விலக்குக்குக் கேடு விளையும்.

3. பத்திரம் எழுதிய அளவில் விலக்கு வந்துவிடாது. வருமான வரித் துறையில் பதிவு பெற வேண்டும். குறித்த காலத்தில் அதனைப் புதுப்பிக்க வேண்டும். வருமானத்தில் 100-க்கு 85 பங்கேனும் அறத்திற்கே செலவாக வேண்டும் என்பது பொது விதி.

4. சங்கமாயினும் அறக்கட்டளையாயினும் வரிக்கணக்கை உரிய தேதிக்குள் தாக்கல் செய்க. வரியே இல்லை என்று எண்ணிக் கணக்கை அனுப்பாதிருந்தால், உள்ள சலுகையும் போய்விடும்.

தறியில் அமர்ந்தும் வயலில் நின்றும் உழைத்தவர்களின் பணம் இது. பத்திரத்தில் உள்ள ஒரு சொல்லின் குறையால் அதில் ஒரு பகுதி வரியாகப் போவதை நாம் விரும்போம். யோசனை மகாசபைக்கு வரும்போதே, 'பயன் யாருக்கு?' என்று எந்த உறுப்பினரும் எழுந்து கேட்கலாம். கேட்பது அவருடைய உரிமை.