சடையனேரிக் கால்வாய்க்கு ஒரு திறந்த கணக்கு

அன்புள்ள சாத்தான்குளம் வாசகருக்கு,

அரசு அலுவலகங்களில் கட்டற்ற மென்பொருள் வந்தால் விவசாயிக்கு என்ன லாபம் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் ஊர்த் தண்ணீரை வைத்தே சொல்கிறேன்.

தாமிரபரணிப் படுகையில் பாபநாசம் அணையின் உச்ச மட்டம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. இருப்பு, வரத்து, வெளியேற்றம் மூன்றையும் நீர்வளத் துறை தினமும் குறித்து வைக்கிறது. ஆனால் நம் கைக்கு வருவது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு படம்தான். மருதூர் மேலக்கால் வழியாகச் சடையனேரிக் கால்வாய்க்கு எந்த வருஷம் எத்தனை நாள் தண்ணீர் வந்தது, அதே நாட்களில் கடலுக்கு எவ்வளவு போனது என்று பார்க்க நினைத்தால், பழைய படங்களைத் தேடி ஒவ்வொரு எண்ணையும் திரும்பத் தட்டச்சு செய்யவேண்டும். அந்த எண்கள் அட்டவணைக் கோப்பாகவே வெளிவந்தால், புத்தன்தருவைக் குளத்துக்குத் தண்ணீர் கேட்டு மனுக் கொடுப்பவர் பத்து வருஷக் கணக்கைக் கையோடு கொண்டுபோகலாம். 2009இல் தொடங்கிய தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்பு 2,765 மில்லியன் கன அடி வெள்ளநீரைத் தேரிக்காட்டுப் பக்கம் திருப்பும் என்றார்கள். எவ்வளவு திருப்புகிறது என்று நாமே கூட்டிப் பார்க்க முடியவேண்டும்.

மென்பொருளும் இங்கேதான் வருகிறது. ஒரு கம்பெனியின் பூட்டிய மென்பொருளுக்குள் போன கணக்கு, ஒப்பந்தம் முடிந்தபின் வெளியே வர அடம்பிடிக்கும். திறந்த மென்பொருள் அப்படியல்ல. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரள ஐ.டி. மிஷனும் தன்னார்வலர்களும் சேர்ந்து நடத்திய 'கேரளா ரெஸ்க்யூ' மீட்புத் தளத்தின் நிரல் திறந்தே இருந்தது. எங்கோ இருந்த இளைஞர்களும் உடனுக்குடன் அதைத் திருத்தினார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியபோது, எந்தச் சாலை துண்டாகிக் கிடக்கிறது என்று நாம் ஒருவரையொருவர் போனில் கேட்டுக்கொண்டிருந்தோம். அதை நினைத்தால் இன்னும் ஆதங்கமாக இருக்கிறது.

கொள்கைக்குப் பஞ்சமில்லை. தரவைப் பகிர 2012இலும், திறந்த மூல மென்பொருளுக்கு 2015இலும் மத்திய அரசு கொள்கை வகுத்தது. அதற்கும் முன்பே, ஐ.ஏ.எஸ். அதிகாரி உமாசங்கர் பொறுப்பிலிருந்த காலத்தில், தமிழக அரசின் எல்காட் நிறுவனம் லினக்ஸுக்கு மாறியது. ஒரு அதிகாரியின் ஆர்வத்தோடு நிற்காமல் அது துறையின் வழக்கமாகவேண்டும். ரேஷன், முதியோர் பென்ஷன் பட்டியலில் உள்ளவர்களின் சொந்த விவரங்களைத் திறக்கச் சொல்லவில்லை. தண்ணீர்க் கணக்கில் மறைக்க என்ன இருக்கிறது?

அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் சடையனேரியின் பத்து வருஷ நீர்வரத்தை அட்டவணைக் கோப்பாகக் கேளுங்கள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். மின்னணு வடிவில் கேட்டுப் பெற அதன் 2(ஜெ) பிரிவு இடம் தருகிறது. கோப்பு வந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்