குறைமாதக் குழந்தையும் தாய்ப்பாலும்

அல்அஹ்காஃப் சூராவின் 15-வது ஆயத்தில், கர்ப்பத்திற்கும் பால்குடி மறப்பதற்குமாக 30 மாதங்களை அல்லாஹ் தஆலா குறிப்பிடுகின்றான். லுக்மான் சூராவின் 14-வது ஆயத்தில் பால்குடி மறப்பது 2 ஆண்டுகளில் எனக் கூறுகின்றான். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தே, கர்ப்பத்தின் குறைந்த அளவு 6 மாதம் என்று மேன்மக்கள் சட்டம் எடுத்தார்கள். ஆகவே மாதம் நிறையுமுன் உயிருடன் பிறந்த பிள்ளைக்கும் பெயர், வமிசம், வாரிசுரிமை, பால் ஆகிய எல்லா உரிமைகளும் உண்டு. "இது தங்குமோ, தங்காதோ" என்று கூறி அதன் பாலுரிமையில் குறை வைப்பது கூடாது.

சீம்பாலின் சட்டம்

தாய் தன் பிள்ளைக்குச் சீம்பால் ஊட்டுவது கடமை என இமாம் நவவி (ரஹ்) அவர்கள் 'மின்ஹாஜ்' கிதாபில் எழுதியுள்ளார்கள். அதின்றிப் பிள்ளை பெரும்பாலும் பிழைப்பதில்லை என்று பிக்ஹு அறிஞர்கள் இதற்குக் காரணம் கூறுவர். 37 வாரம் நிறையுமுன் பிறக்கும் பிள்ளைக்கு இது இன்னும் பொருந்தும். குடல் அழுகும் கொடிய நோயிலிருந்து அதைக் காப்பதில் தாய்ப்பாலுக்கு ஈடான வேறு பால் இல்லை என்பது இன்றைய மருத்துவர்களின் முடிவு.

ஆனால் சுமார் 34 வாரம் வரை உறிஞ்சுவதையும் விழுங்குவதையும் மூச்சு விடுவதையும் ஒழுங்காக இணைத்துச் செய்யப் பிள்ளையால் இயலாது. பிள்ளை கண்ணாடிப் பெட்டியில். தாய் வேறு அறையில். வாய் வைத்துக் குடிக்க ஆளில்லாததால் பால் ஊறுவது குறைகிறது. "இவளுக்குப் பாலே இல்லை" என்று வீட்டார் முடிவு கட்டிவிடுகிறார்கள். பாலை எடுக்க எடுக்கத்தான் பால் ஊறும் என்பதை அவர்கள் அறியவேண்டும்.

தாய் செய்யவேண்டியவை

1. பேறு முடிந்த சில மணி நேரத்திற்குள், இயன்றால் முதல் 1 அல்லது 2 மணிக்குள்ளேயே, பாலைப் பீய்ச்சத் தொடங்கவேண்டும். சீம்பால் சில சொட்டுகளே வரும். அதைக் கையால் எடுப்பதே எளிது. அந்தச் சொட்டுகளை வீணாக்காமல் செவிலியரிடம் கொடுக்கவேண்டும்.

2. இரவு பகலாக 24 மணி நேரத்தில் 8 முதல் 10 முறை எடுக்கவேண்டும். இரவில் ஒரு முறையேனும் எழவேண்டும். பாலை ஊறச்செய்யும் சுரப்பு இரவில்தான் மிகுதி. முதல் இரண்டு வாரம் தவறாமல் செய்தால் பின்னர் பால் பெருக வழி பிறக்கும்.

3. மருத்துவர் அனுமதித்ததும் பிள்ளையை வெறும் மார்போடு அணைத்து வைத்திருக்கவேண்டும். 1978-ல் கொலம்பியா நாட்டின் போகோட்டா நகரில் தொடங்கிய இம்முறை இன்று உலகெங்கும் உள்ளது. பிள்ளைக்குச் சூடும் தாய்க்குப் பாலும் இதனால் பெருகும்.

வீட்டார் செய்யவேண்டியவை

பால் தரும் தாயின் உணவும் உடையும் தந்தையின் பொறுப்பு என்பதும், பிள்ளையைக் கொண்டு தாய்க்குத் துன்பம் தரலாகாது என்பதும் அல்பகரா 233-வது ஆயத்தின் கட்டளையாகும். பூண்டும் பால்சுறாவும் ஆக்கிக் கொடுப்பது நல்ல வழக்கமே. ஆனால் பாலை எடுக்காமல் உணவு மட்டும் பாலைப் பெருக்காது. பத்தியம் என்று தண்ணீரைக் குறைப்பது தவறு. மாமியாரும் நாத்தனாரும் வீட்டு வேலையை ஏற்றுக்கொண்டு, கணவர் எடுத்த பாலைக் குளிர் கெடாமல் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தால், அது அப்பிள்ளைக்குச் செய்யும் பெரும் கித்மத்து ஆகும். "உனக்குப் பாலில்லை" என்ற சொல் தாயின் மனத்தை ஒடித்துவிடும். அதை யாரும் சொல்லவேண்டாம்.

தஹ்னீக் ஸுன்னத்துதான். எனினும் குறைமாதப் பிள்ளையின் வாயில் மருத்துவர் அனுமதியின்றி எதையும் வைக்கக்கூடாது. ஒரு வயது நிறையும்வரை தேன் எந்தப் பிள்ளைக்கும் ஆகாது.

சில மஸ்அலாக்கள்

தாய்ப்பால் சுத்தமானது. உடையில் பட்டாலும் தொழுகை கூடும். பீய்ச்சுவதால் ஒளு முறியாது. நோன்பும் முறியாது.

நிபாஸ் காலத்தில் நோன்பு இல்லை. அதன் பின்னும், பிள்ளைக்குத் தீங்கு வரும் என அஞ்சினால் நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்யலாம். பிள்ளைக்காக மட்டும் விட்டால், ஷாஃபிஈ மத்ஹபில் களாவுடன் நாளொன்றுக்கு ஒரு முத்து பித்யாவும் உண்டு. ஹனஃபி மத்ஹபில் களா மட்டுமே.

பிற பெண்ணின் பால் குழாய் வழியே வயிற்றைச் சேர்ந்தாலும் பால்குடி உறவு ஏற்படும். ஷாஃபிஈயில் ஐந்து முறை. ஹனஃபியில் ஒரு முறையே போதும். பலருடைய பால் கலக்கப்படும் பால் வங்கியைக் குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஜித்தா பிக்ஹு அகாடமி 1985-ல் அதைத் தடுத்துத் தீர்மானித்தது. உயிருக்கு ஆபத்து எனில் வாதம் செய்து காலங்கடத்தாமல், உடனே ஆலிம்களிடமும் மருத்துவரிடமும் கேட்டுச் செயல்படவேண்டும். ஒரு பெண்ணின் பாலை வாங்கினால் அவள் பெயரையும் குடும்பத்தையும் எழுதி வைக்கவேண்டும். நாளை திருமணப் பேச்சில் அது தேவைப்படும். சொந்தத் தாயின் பால் பெருகிவிட்டாலோ இக்கவலைக்கே இடமில்லை.

சகோதரிகளே! நள்ளிரவில் விழித்து நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு சொட்டும் அல்லாஹ்விடம் வீணாகாது. நிபாஸ் காலத்திலும் திக்ரும் ஸலவாத்தும் ஓதலாம். அவற்றை ஓதியவாறே எடுங்கள். நம் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளையும் பூரண சுகத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.