அங்கத்தினர் பாடம்: வான் ஹூல் பஸ் தொழிற்சாலையின் சரித்திரம்

பிற ஸ்தாபனங்கள் உயர்ந்ததும் தாழ்ந்ததும் எவ்வாறு என்று அறிவது, நமது சங்க நிர்வாகத்தைச் சீர்தூக்கிப் பார்க்கத் துணைசெய்யும். இம்மாதப் பாடத்திற்குப் பெல்ஜிய நாட்டு வான் ஹூல் குடும்பத்தின் பஸ் தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம்.

1. தோற்றமும் வளர்ச்சியும்

1947ஆம் ஆண்டில், லீர் நகரை அடுத்த கோனிங்ஸ்ஹோய்க்ட் என்னும் கிராமத்தில், பெர்னார்ட் வான் ஹூல் என்பவர் பஸ்களுக்குக் கூடு கட்டும் பட்டறையைத் தொடங்கினார். அவருடைய புதல்வர்களும் அத்தொழிலிலேயே இறங்கினர். 1957இல் இத்தாலியின் ஃபியட் கம்பெனியுடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. எஞ்சின் முதலிய உறுப்புகள் ஃபியட்டினுடையவை. கூட்டின் கைத்திறன் கிராமத்தாருடையது. நாளடைவில் சரக்கு டிரெய்லர்களும் அங்கே செய்யப்பட்டன. பஸ்கள் அமெரிக்கா வரை சென்றன. ஹைட்ரஜனால் ஓடும் பஸ்களும் உருவாயின. 2013இல் மாசிடோனியாவின் ஸ்கோப்யே நகரில் மற்றொரு தொழிற்சாலை எழுந்தது.

2. தொழில் முறை

வாங்குவோர் கேட்ட அளவிலும் அமைப்பிலும் பஸ்ஸைக் கட்டித் தருவதும், உறுப்புகள் பலவற்றைத் தாமே செய்துகொள்வதும் இக்குடும்பத்தின் சிறப்பு. இதன் அருமையும் செலவும் நெசவாளருக்குத் தெரியாதவையல்ல. புதுமாதிரிச் சேலைக்காக அச்சும் விழுதும் மாற்றும் நாட்களில் தறி ஓடாது, கூலியோ நிற்பதில்லை. அந்த ஓடாத நாட்களையும் விலையில் சேர்க்காதவனுக்குப் பெயர் நிலைக்கும், முதல் கரையும்.

3. வீழ்ச்சி

2020இல் கொரோனா நோயால் சுற்றுலா நின்றது. சுற்றுலா பஸ்களுக்கான ஆர்டர்களும் குறைந்தன. மின்சார பஸ்களுக்கு மாறப் பெரும் முதல் தேவைப்பட்ட வேளையில் நஷ்டம் சேர்ந்துகொண்டிருந்தது. அப்பகுதியின் பொதுப் போக்குவரத்து ஸ்தாபனமாகிய டெ லெய்னின் பெரிய மின்சார பஸ் ஆர்டரும் சீனாவின் பி.ஒய்.டி. கம்பெனிக்குச் சென்றது. குடும்பத்தினரிடையே ஒற்றுமையில்லை என்றும் பத்திரிகைகள் எழுதின. 2024 மார்ச்சில் சுமார் 1,100 பேரைக் குறைக்கும் திட்டம் வெளியாயிற்று. ஏப்ரல் 8ஆம் தேதி மெகெலன் நீதிமன்றம் ஸ்தாபனம் திவாலானதாக அறிவித்தது. பஸ் பிரிவை நெதர்லாந்தின் வி.டி.எல். நிறுவனமும், டிரெய்லர் பிரிவை ஜெர்மனியின் ஷ்மிட்ஸ் கார்கோபுல்லும் வாங்கின. தொழிலாளரில் ஒரு பகுதியினருக்கே மீண்டும் வேலை கிட்டியது.

4. நாம் அறியவேண்டியது

வாங்கிய வி.டி.எல்.லும் 1953இல் தோன்றிய ஒரு குடும்ப ஸ்தாபனமே. ஆகவே, குடும்ப உடைமை என்பது மட்டுமே வீழ்ச்சிக்குக் காரணமன்று. கைத்திறனும் ஆர்டரும் இருந்தால் போதும். கணக்கு தானே நேராகும் என்ற எண்ணமே ஆபத்தானது. சங்கத்தின் கணக்கைக் கேட்டறியும் உரிமை நமது அங்கத்தினருக்கு உண்டு. பொதுக்குழுவில் ஐந்தொகை வாசிக்கப்படும்போது எழுந்து போகிறவர், அவ்வுரிமையைத் தாமே கைவிடுகிறார்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

அ) நமது சங்கத்தில் எந்த ரகம் அடக்க விலைக்கும் குறைவாக விற்கப்படுகிறது?

ஆ) நமது சரக்கில் எத்தனை பங்கை ஒரே கொள்முதல்காரர் வாங்குகிறார்? அவர் நின்றுவிட்டால் வழி என்ன?

இ) சேமநிதி எத்தனை மாதத் தறிக்கூலிக்குப் போதும்?