செபி கிரேடு ஏ: ஓசூர் இன்ஜினியர் வேலையை விட்டுட்டுப் படிக்கலாமா?

மாசம் 1.84 லட்சம் சம்பளம்னு ஒரு ரீல் சுத்திட்டு இருக்கு. சிப்காட்டில் 25,000, 28,000 வாங்குற பசங்க அதைப் பார்த்துட்டு ரெண்டே கேள்விதான் கேட்கிறாங்க. "அண்ணா, நான் மெக்கானிக்கல், செபிக்கு அப்ளை பண்ண முடியுமா? வேலையை ரிசைன் பண்ணிட்டு ஒரு வருஷம் உட்கார்ந்து படிக்கட்டுமா?"

முதல் கேள்விக்கு என் பதில், முடியும். ரெண்டாவதுக்கு, வேண்டாம். ஏன்னு கணக்கோடு பார்ப்போம்.

முதலில், அது என்ன ஆபீஸ்? பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்புதான் செபி. 1988-ல் தொடங்கி, 1992-ல் சட்டப்படியான அதிகாரம் பெற்றது. தலைமையகம் மும்பை பாந்த்ரா குர்லா காம்ப்ளக்ஸ், தென்மண்டல அலுவலகம் சென்னை. அங்கே வேலை எப்படி இருக்கும்னு புரிய நம்ம மாவட்டத்து உதாரணமே போதும். போச்சம்பள்ளியில் ஃபேக்டரி வைத்திருக்கும் ஓலா எலெக்ட்ரிக் 2024 ஆகஸ்டில் ஐபிஓ வந்தது. ஓசூரில் ஃபேக்டரி வைத்திருக்கும் ஏத்தர் 2025-ல் வந்தது. பொதுமக்களிடம் பணம் கேட்பதற்கு முன் அந்தக் கம்பெனிகள் தாக்கல் செய்த ஆவணங்களைப் படித்துக் கேள்வி கேட்டது செபி அதிகாரிகள்தான். லிஸ்ட் ஆன பிறகும் விடமாட்டாங்க. 2024 டிசம்பர் 2-ஆம் தேதி ஓலா தன் ஸ்டோர்களை நாலு மடங்காக்கும் திட்டத்தை முதலில் எக்ஸ் தளத்தில் போட்டுவிட்டு, சில மணி நேரம் கழித்துத்தான் பங்குச் சந்தைகளுக்குச் சொன்னது. எல்லா முதலீட்டாளருக்கும் ஒரே நேரத்தில் தகவல் போகணும் என்பது விதி. 2025 ஜனவரியில் செபியிடமிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இப்படி ஒரு நுணுக்கத்தைப் பிடித்து எழுதுறது உங்களுக்குப் பிடிக்கும்னா மேலே படிங்க. "கவர்மென்ட் வேலை, ஜாலியா இருக்கலாம்"னு நினைச்சா இது அந்த மாதிரி இடம் இல்லை.

யார் எழுதலாம்? உதவி மேலாளர் பதவியைத்தான் கிரேடு ஏ என்கிறோம். ஜெனரல் பிரிவுக்கு எந்தப் பிரிவு இன்ஜினியரிங் டிகிரியும் போதும். சட்டப் படிப்பு, சிஏ, சிஎஸ், சிஎம்ஏ, சிஎஃப்ஏ, ஏதாவது ஒரு முதுகலைப் பட்டம், இதில் ஒன்று இருந்தாலும் சரி. பி.காம் அல்லது பி.எஸ்சி மட்டும் முடித்தவர்களுக்கு இங்கே இடமில்லை. அவங்க ரிசர்வ் வங்கி கிரேடு பி பக்கம் பார்க்கலாம், அங்கே 60 சதவீத மதிப்பெண்ணோடு ஒரு டிகிரி கேட்பாங்க. டிப்ளமோ முடிச்சு வேலை செய்யும் தம்பிகள் பார்ட் டைமில் பி.இ. முடிச்ச பிறகுதான் செபியை யோசிக்க முடியும். வயது 30. ஓபிசிக்கு 3 வருஷம், எஸ்சி, எஸ்டிக்கு 5 வருஷம் தளர்வு உண்டு.

இப்போ அந்த 1.84 லட்சம். 2025 அறிவிப்பில் அடிப்படைச் சம்பளம் 62,500. மும்பையில் குவார்ட்டர்ஸ் எடுக்காவிட்டால் மொத்தம் சுமார் 1,84,000, எடுத்தால் சுமார் 1,43,000. ரீலில் சொல்லாத விஷயம், அந்தத் தொகைக்குள் உங்கள் என்பிஎஸ் கணக்குக்குச் செபி கட்டும் பங்கும் சேர்ந்திருக்கு. அது கைக்கு வராது. உங்கள் பங்கும் பிடிக்கப்படும். வரி விதிக்கும் வருமானம் 20 லட்சம்னு வச்சுக்கிட்டா புதிய வரி முறையில் செஸ்ஸோடு 2,08,000, அதாவது மாசம் 17,000-க்கு மேல். எல்லாம் போக ஒன்றரை லட்சத்தை ஒட்டி கைக்கு வரலாம், இது என் தோராயக் கணக்கு. அதிலிருந்துதான் மும்பை வாடகை. குவார்ட்டர்ஸ் கிடைத்தால் நீங்கள் விட்டுக்கொடுப்பது 41,000. அந்தக் காசில் ஆபீஸ் பக்கம் நல்ல வீடு கிடைக்குமான்னு மும்பையில் இருக்கும் யாரையாவது கேட்டுப் பாருங்க. இவ்வளவு கழித்தும் நல்ல சம்பளம்தான், அதில் சந்தேகமே இல்லை.

ரிசைன் பண்ணும் கணக்குக்கு வருவோம். கைக்கு 28,000 வாங்குறீங்க. ஒரு வருஷம் விட்டால் 3,36,000. குறைந்தபட்சமா 15,000-க்குப் பிஎஃப் போட்டாலும் ரெண்டு பக்கமும் சேர்த்து மாசம் 3,600, வருஷத்துக்கு 43,200. மொத்தம் 3.79 லட்சம். கம்பெனி மெடிக்கல் இன்ஷூரன்ஸும் கடைசி நாளோடு போச்சு. நிரந்தர வேலையில் 4 வருஷம் முடிச்சவங்க 5-வது வருஷத்தை முடிக்காம கிளம்பினா கிராஜுவிட்டியும் கைவிட்டுப் போகலாம்.

சரி, 3.79 லட்சத்தை முதலீடா நினைச்சுக்கலாமே? நினைச்சுக்கலாம், தேர்வு எப்போன்னு தெரிஞ்சா. அங்கேதான் சிக்கல். ஜெனரல் பிரிவுக்கு 2022 ஜனவரியில் அறிவிப்பு வந்தது, 80 இடம். அடுத்தது 2024 ஜூனில், 62 இடம். அதற்கடுத்தது 2025 அக்டோபர் கடைசியில், 56 இடம். முதல் இடைவெளி கிட்டத்தட்ட ரெண்டரை வருஷம், அடுத்தது 16 மாசம். யுபிஎஸ்சி மாதிரி வருஷா வருஷம் வரும்னு நம்பி 2022-ல் வேலையை விட்டவர் என்ன பண்ணியிருப்பார்? நாடு முழுக்க 56 இடம், எப்போ வரும்னே தெரியாத நோட்டிஃபிகேஷன், மேலே 30 வயசு கதவு. இதுக்காக வருமானத்தை நிறுத்துறது எனக்குச் சரியாப் படலை.

ஆனால் அறிவிப்பு வந்த பிறகு படிக்க ஆரம்பிச்சாலும் வேலைக்கு ஆகாது. 2025-ல் விண்ணப்பக் கடைசி நாள் நவம்பர் 28, அறிவிப்புப்படி முதல் கட்டத் தேர்வு 2026 ஜனவரி 10, ரெண்டாம் கட்டம் பிப்ரவரி 21. ஆறு ஆறு வாரம்தான் இடைவெளி. அதனால் ஷிஃப்ட்டுக்குப் போய்க்கிட்டே மெதுவா, முன்கூட்டியே படிச்சு வைக்கிறதுதான் வழி.

இன்ஜினியருக்கு முதல் கட்டத்தின் பேப்பர் 1-ல் வரும் கணக்கு, ரீசனிங்கில் பயமில்லை. பேப்பர் 2-தான் மலை: அக்கவுன்டன்சி, நிதி, காஸ்டிங், மேனேஜ்மென்ட், கம்பெனிச் சட்டம், பொருளாதாரம், 100 மார்க், 40 நிமிஷம், தப்புக்குக் கால் பங்கு கழிப்பு. கோச்சிங்குக்கு 30,000 கட்டுறதுக்கு முன் தமிழ்நாடு அரசின் பிளஸ் ஒன், பிளஸ் டூ கணக்குப்பதிவியல் புத்தகத்தைத் தமிழிலேயே படிங்க. டெபிட், கிரெடிட் தாய்மொழியில் உள்ளே போயிட்டா பிறகு குழப்பம் வராது. அடுத்து எங்கள் சிஏ இன்ஸ்டிட்யூட்டின் ஃபவுண்டேஷன், இன்டர் பாடங்கள், இணையத்தில் இலவசம். காஸ்டிங்கில் உங்களுக்கு ஒரு சாதகம் இருக்கு. லைன் நின்னா என்ன நஷ்டம், ரிஜெக்ஷன் எத்தனை சதவீதம்னு தினமும் பார்க்கிற ஆளுக்கு ஐடில் டைம், நார்மல் லாஸ் எல்லாம் புதுசு இல்லை. பி.காம் பசங்களுக்கு அது வெறும் ஃபார்முலா.

முதல் கட்ட மார்க் இறுதிப் பட்டியலில் சேராது. ரெண்டாம் கட்டத்துக்கு 85 சதவீதமும் இன்டர்வியூவுக்கு 15 சதவீதமும் வெயிட்டேஜ். ரெண்டாம் கட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆங்கிலத்தில் எழுதும் பேப்பர். அதைக் கம்ப்யூட்டரில் டைப் பண்ணணும், 60 நிமிஷம். மொபைலில் மட்டும் டைப் பண்ணிப் பழகியவங்க கீபோர்டில் இப்பவே உட்காருங்க. தமிழில் கேள்வித்தாள் கிடையாது.

இந்தப் பாடமே நமக்குச் செட் ஆகுமான்னு தெரிய ஒரு செலவில்லாத வழி இருக்கு. செபியும் என்ஐஎஸ்எம்-உம் நடத்தும் முதலீட்டாளர் சான்றிதழ்த் தேர்வு இலவசம். அதுக்குப் படிக்கும்போதே தூக்கம் வந்தா, அந்தத் தகவல் உங்களுக்கு 3.79 லட்சம் மிச்சம் பண்ணிக் கொடுத்திருக்கு. எஃப் அண்ட் ஓ டிரேடிங் பண்றவங்களுக்கு இன்னொரு தகவல்: செபி ஊழியர் ஆனால் பங்கு வாங்கி விற்கக் கட்டுப்பாடு உண்டு, முதலீடுகளைச் சொல்லியாகணும். 2021-22 முதல் மூணு வருஷத்தில் தனிநபர் எஃப் அண்ட் ஓ டிரேடர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதா ஆய்வு வெளியிட்டதும் இதே செபிதான்.

கடைசியா நம்ம பகுதிக்குன்னு ஒரு பேப்பர் வேலை. தமிழ்நாட்டின் பிசி, எம்பிசி சான்றிதழ் செபிக்குச் செல்லாது. மத்திய அரசு படிவத்தில் ஓபிசி நான் கிரீமி லேயர் சான்றிதழ் வேணும், உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் தமிழ்நாட்டின் கீழ் இருக்கணும். ஓசூரில் பூர்வீகம் கர்நாடகாவோ ஆந்திராவோ இருக்கும் குடும்பங்கள் நிறைய. ஒரே சாதி ஒரு மாநிலப் பட்டியலில் இருந்து இன்னொன்றில் இல்லாமல் போகலாம். 8 லட்ச வரம்பைப் பார்த்து "அப்பா சம்பளமே தாண்டிடும்"னு விட்டுடாதீங்க, பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் அந்தக் கணக்கில் சேராது. இ-சேவையில் விண்ணப்பிச்சு தாலுகா ஆபீஸிலிருந்து கைக்கு வர நாளாகும். நோட்டிஃபிகேஷன் வரும் வரை காத்திருக்காம இந்த வாரமே அப்ளை பண்ணி வைங்க.