இரவுப் பயணமும் வண்ண விளக்கும்

மணிமுத்தாற்றின் கரையிலே அமைந்துள்ள விருத்தாசலம் தொன்மை மிக்க ஊராகும். திருமுதுகுன்றம், பழமலை என்னும் பெயர்களும் அதற்கு உண்டு. கோயிலால் புகழ் பெற்ற அவ்வூர், பின்னாளில் பீங்கான் தொழிலாலும் பெயர் பெற்றது. அங்குள்ள தொழிற்கூடங்களில் களிமண் அரைக்கப்பட்டு, வடிகட்டப்பட்டு, அச்சுகளில் வார்க்கப்பட்டு, சூளையிலே வேகின்றது. பின்னர் அது பொம்மைகளாகவும், அகல் விளக்குகளாகவும், மின்கம்பிகளைத் தாங்கும் பீங்கான் கருவிகளாகவும் வெளிவருகின்றது.

இவ்வாறு செய்யப்படும் பொருள்கள் உடையும் இயல்புடையன. ஆதலால் அவற்றை வைக்கோலில் பொதிந்து, பெட்டிகளில் அடுக்கி, லாரிகளில் ஏற்றி வெளியூர்களுக்கு அனுப்புகின்றனர். உளுந்தூர்பேட்டை சென்று, நெடுஞ்சாலையை அடைந்து, சென்னையை நோக்கிச் செல்லும் வழி இருநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்டது. பகலிலே நகரச் சாலைகளில் நெரிசல் மிகுதி, வெயிலும் கடுமை. விடியற்காலையில் கடைத்தெருவில் சரக்கு இறங்க வேண்டும். ஆகவே, லாரிகள் பெரும்பாலும் இரவிலேயே புறப்படுகின்றன.

கார்த்திகைத் திருநாளுக்கு முந்திய ஓர் இரவை எண்ணிப் பாருங்கள். அகல் விளக்குகளை ஏற்றிய லாரி ஒன்று ஊரைவிட்டுக் கிளம்புகின்றது. அதன் ஓட்டுநர் அறையில் தெய்வப் படம் ஒன்று. அதனைச் சுற்றிச் சிவப்பும் பச்சையும் நீலமுமாகச் சிறு பல்புகள். நம் நாட்டு லாரிகள் பலவற்றில் இக்காட்சியைக் காணலாம். ஊர் எல்லையைக் கடந்ததும் ஓட்டுநர் கைநீட்டி அவ்விளக்குகளை அணைக்கின்றார்.

அருகிலிருந்த கிளீனர் சிறுவயதினன். “அண்ணே, விளக்கு எரிந்தால் அழகாக இருக்குமே! ஏன் அணைத்துவிட்டீர்கள்?” என்று அவன் வினவுகின்றான்.

“தம்பி, உள்ளே வெளிச்சம் இருந்தால் வெளியே வழி தெரியாது. நாம் பார்க்க வேண்டியது வண்டிக்குள்ளே அன்று, சாலையிலே” என்கிறார் ஓட்டுநர்.

எளிய சொற்களே எனினும், அவற்றினுள்ளே பௌதிகமும் உடலியலும் அடங்கியுள்ளன. அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலாவது, கண்ணாடியின் இயல்பு. இரவிலே உங்கள் வீட்டு அறையில் விளக்கை ஏற்றிவிட்டுக் கண்ணாடிச் சன்னலருகே நின்று வெளியே நோக்குங்கள். தெருவுக்குப் பதிலாக உங்கள் முகமே தெரியும். விளக்கை அணைத்துவிட்டு நோக்கினால், முகம் மறைந்து தெரு தோன்றும். கண்ணாடி தன்மேல் விழும் ஒளி முழுவதையும் ஊடுருவ விடுவதில்லை; நேராக விழும் ஒளியிலே ஏறத்தாழ நூற்றில் எட்டுப் பங்கைத் திருப்பி அனுப்புகின்றது. பகலிலே வெளியொளி மிகுதியாதலால் இச்சிறு பங்கு புலப்படுவதில்லை. இரவிலோ வெளியே இருள். ஆகவே அச்சிறு பங்கே ஒரு திரைபோல் கண்ணை மறைக்கின்றது. லாரியின் முன்கண்ணாடியும் இவ்விதிக்கு உட்பட்டதே. படத்தைச் சுற்றிய பல்புகள் அக்கண்ணாடியிலே நிழலாடும்பொழுது, அப்பால் நடந்து செல்லும் மனிதர் அந்நிழலினுள் மறைந்துபோகக் கூடும்.

இரண்டாவது, கண்ணின் இயல்பு. நம் விழித்திரையில் ஒளியை உணரும் உயிரணுக்கள் இரு வகையாக உள்ளன. கூம்பு வடிவினவாகிய உயிரணுக்கள் நல்ல வெளிச்சத்தில் தொழிற்பட்டு நிறங்களைக் காட்டுகின்றன. குச்சி வடிவினவாகிய உயிரணுக்கள் நிறத்தை அறியமாட்டா. ஆனால், மிக மங்கிய ஒளியையும் உணர வல்லவை. குச்சி உயிரணுக்களிலே ரோடாப்சின் என்னும் ஊதாநிறப் பொருள் உள்ளது. ஒளி பட்டதும் அப்பொருள் சிதைவுறுகின்றது. இருளில் மீண்டும் உருவாகின்றது. இது 1876-ஆம் ஆண்டில் பிரான்ஸ் போல் என்னும் செருமானிய அறிஞரின் ஆராய்ச்சியால் தெரியவந்தது. பேரொளியில் இருந்துவிட்டு இருளுக்குச் சென்றால், கண் இருளுக்கு முழுதும் பழகுவதற்கு ஏறத்தாழ அரைமணி நேரம் ஆகும்.

பீங்கான் சூளையின் துளை வழியாக உள்ளே கனலும் நெருப்பைப் பார்த்துவிட்டு இருண்ட முற்றத்திற்கு வரும் தொழிலாளிக்குச் சிறிது நேரம் ஒன்றும் தோன்றுவதில்லை. சுவரைத் தடவிக்கொண்டு நடக்கின்றார். ஆனால், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் லாரியைச் செலுத்துபவர் அவ்வாறு தடவிக்கொண்டு செல்ல முடியுமா? அவ்வேகத்திலே ஒரு நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் தூரம் கடந்துவிடுகின்றது. மூன்று நொடிகள் கண் தெளிவின்றிச் சென்றால், 50 மீட்டர் தூரத்தைக் குருடராகவே கடந்தவர் ஆவார்.

இனி, நிறத்தைப் பற்றிய வினாவுக்கு வருவோம். ஓட்டுநர் அறையிலே ஒரு சிறு விளக்கு இருந்தே தீர வேண்டுமெனின், அது எந்நிறத்தில் இருத்தல் நலம்?

மாலைப் பொழுதிலே செம்பருத்திச் செடியை நோக்குங்கள். பகலில் இலையைவிட ஒளியுடன் விளங்கிய சிவந்த மலர், இருள் சூழச் சூழக் கருத்துப்போகும். இலைகளோ வெளிறித் தோன்றும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த செக்கு நாட்டு அறிஞர் புர்க்கின்யே இம்மாற்றத்தைக் கண்டு எழுதினார். குச்சி உயிரணுக்கள் நீலம் கலந்த பசுமை ஒளியைப் பெரிதும் உணர்கின்றன. ஆழ்ந்த சிவப்பையோ ஏறக்குறைய உணர்வதே இல்லை. இதுவே அதற்குக் காரணம். எனவே, மங்கிய சிவப்பு ஒளியிலே நாம் ஒன்றைப் படிக்கும்பொழுது கூம்புகள் வேலை செய்கின்றன; குச்சிகளோ இருளில் இருப்பனபோல் தம் ஆற்றலை இழவாமல் இருக்கின்றன.

இரண்டாம் உலகப் போரின்போது இவ்வுண்மை பெரிதும் பயன்பட்டது. யேல் பல்கலைக்கழகத்து அறிஞர் வால்ட்டர் மைல்ஸ் என்பவர் சிவப்புக் கண்ணாடிகளை இதற்கெனப் பரிந்துரைத்தார். இரவிலே பறக்கவிருந்த விமானிகள் அவற்றை அணிந்தபடியே வெளிச்சமுள்ள அறைகளில் காத்திருந்தனர். புறப்படும்பொழுது அவர்களுடைய கண்கள் இருளுக்குப் பழகியே இருந்தன. நீர்மூழ்கிக் கப்பல்களிலும் சிவப்பு விளக்குகள் பொருத்தப்பட்டன.

ஆயினும், கடற்படைக்கு ஏற்றது சாலைக்கும் அவ்வாறே முழுதும் ஏற்றதெனக் கருதுதல் பிழையாகும். கப்பலின் மேல்தளத்தில் நிற்பவர் விண்மீன் ஒளியிலே கடலை நோக்குகின்றார். லாரி ஓட்டுநரோ தம் வண்டியின் முகப்பு விளக்கு ஒளியில் சாலையை நோக்குகின்றார். எதிரே வரும் வண்டிகளின் ஒளியும் அடிக்கடி அவர் கண்ணில் படுகின்றது. அவருடைய கண் முழு இருளுக்கு ஒருபோதும் பழகுவதில்லை. ஆதலால், சிவப்பு விளக்கினால் அவர் பெறும் பயன் சிறிதே.

அன்றியும், சிவப்பு ஒளிக்கு ஒரு குறையும் உண்டு. வெள்ளைத் தாளில் சிவப்புப் பென்சிலால் எழுதி, அதனைச் சிவப்புக் கண்ணாடித்தாள் வழியாகப் பாருங்கள், எழுத்து மறைந்துவிடும். சரக்குச் சீட்டிலே சிவப்பு மையினால் குறித்த குறிப்பும் சிவப்பு விளக்கின் கீழ் அவ்வாறே மறையும். இக்குறையை உணர்ந்ததனால் பிற்காலத்தில் பல விமானங்களில் சிவப்பு விளக்கை நீக்கி, மிக மங்கிய வெள்ளை விளக்கை அமைத்தனர். நிறத்தைக் காட்டிலும் ஒளியின் அளவே முதன்மையானது என்பது இதனால் விளங்குகின்றதன்றோ?

நீல விளக்கின் நிலை யாது? எல்.இ.டி. விளக்குகள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய பின்னர் லாரிகளில் நீல ஒளி மிகுதியாகப் பரவியது. அது காண்பதற்கு நிலவொளிபோல் குளிர்ச்சியாகத் தோன்றலாம். ஆனால், குச்சி உயிரணுக்களின் ஆற்றலைச் சிவப்பைக் காட்டிலும் மிகுதியாகக் குறைப்பது அதுவே. நீலக் கதிர்கள் விழித்திரைக்குச் சற்று முன்னரே குவிந்துவிடுவதால் தொலைவிலுள்ள நீல விளக்கு மங்கலாகவும் பரந்தும் தோன்றும். கண்ணும் எளிதில் கூசும்.

“நீல விளக்கு தூக்கத்தை ஓட்டும்” என்று சிலர் கூறுவர். இக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. விழித்திரையிலே பொழுதை உணரும் வேறொரு வகை உயிரணுக்களும் உள்ளன என்பதை 2002-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். நீல ஒளி அவற்றின்மேல் பட்டால் ‘இன்னும் பகல்தான்’ என்னும் செய்தி மூளைக்குச் செல்கின்றது. தூக்கத்திற்குத் துணைசெய்யும் மெலடோனின் சுரப்பு குறைகின்றது. 2012-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டார் வெளியிட்ட ஆய்வு ஒன்றிலே, 48 ஆண்கள் இரவில் 400 கிலோமீட்டர் தூரம் கார் ஓட்டினர். நீல ஒளியில் ஓட்டியபோது, வண்டி தன் தடக்கோட்டை மீறுவது குறைந்தது. காப்பியிலுள்ள கபீன் தரும் பயனுக்கு அது ஏறக்குறைய ஒத்திருந்தது. ஆனால், அவர்களுள் எண்மருக்கு அவ்வொளியினால் கண் கூசிற்று. அளவறிந்து அமைத்த ஆய்வு விளக்கிலேயே இவ்வாறாயின், அளவறியாமல் கட்டிய அலங்கார விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

மேலும், விளக்கு தூக்கத்தைத் தள்ளிப் போடலாமேயன்றித் தூக்கத்துக்கு ஈடாகாது. உடல் களைத்தவன் கண்ணைத் திறந்தபடியே சில நொடிகள் உறங்கிவிடுவது உண்டு. அந்நொடிகளில் எந்நிற விளக்கும் அவனுக்கு உதவாது. நம் நாட்டிலே 1961-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குதல் ஆகாது என்றும், ஐந்து மணி நேர வேலைக்குள் அரைமணி நேரமேனும் ஓய்வு தருதல் வேண்டும் என்றும் விதித்தது. ஓட்டுநரின் கண்ணைக் காப்பது அவருடைய கடமை மட்டும் அன்று. சரக்கை விரைந்து கேட்கும் வணிகரும், வண்டியின் உரிமையாளரும் அதிலே பங்குடையவர் என்பதை அச்சட்டம் உணர்த்திற்று.

வண்ண விளக்கினால் வெளியிலே செல்வோரும் மயங்குதல் கூடும். சிவப்பு ஒளியைக் கண்டால் அது ஒரு வண்டியின் பின்புறம் என்று யாவரும் கொள்கின்றனர். ஆதலாலேயே 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், வண்டியின் முன்புறத்தில் சிவப்பு ஒளி காட்டலாகாது என்று கூறுகின்றன. உள்விளக்குகளுக்கு அவ்விதி பொருந்தாது. எனினும், முன்கண்ணாடி முழுதும் சிவந்து ஒளிரும் வண்டியை எதிரே காண்பவர் ஒரு கணம் திகைப்பர். சாலையிலே அவ்வொரு கணமும் பெரிது.

விருத்தாசலத்தைச் சூழ்ந்த சாலைகளைப் பாருங்கள். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் மெல்லச் செல்கின்றன. சிலவற்றுக்குப் பின்விளக்கு இராது. இரவு வேலை முடித்த தொழிலாளி மிதிவண்டியில் வீடு திரும்புகின்றார். முதியவர் ஒருவர் ஆட்டை ஓட்டிக்கொண்டு சாலையைக் கடக்கின்றார். இவர்கள் ஒளி வீசுபவர் அல்லர். பிறர் கண்ணை நம்பிச் செல்பவர். 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிர் இழந்தனர். அவ்வெண்ணிக்கையில் ஒவ்வோர் ஒன்றும் ஒரு வீட்டின் விளக்கு என்பதை மறத்தல் ஆகாது.

ஆகவே, இரவிலே வண்டி செலுத்துவோர் கைக்கொள்ள வேண்டியன சில. வண்டி ஓடும்பொழுது அறையினுள் விளக்குகளை அணைத்தல் வேண்டும். விளக்கு தேவையெனின், மங்கியதாகவும், தாழ்வான இடத்தில் மறைவாகவும், முன்கண்ணாடியில் நிழல் விழாதவாறும் அது இருத்தல் வேண்டும். சீட்டையோ வரைபடத்தையோ பார்க்க வேண்டுமாயின், வண்டியைச் சாலையோரம் பாதுகாப்பாக நிறுத்திப் பார்ப்பதே நன்று. முன்கண்ணாடியைத் தூசியின்றித் துடைத்தல் வேண்டும். முருங்கைக்கீரை, மாம்பழம் முதலிய உணவுகளிலிருந்து உடல் பெறும் வைட்டமின் ஏ, ரோடாப்சின் உருவாவதற்கு இன்றியமையாதது. அது குறைந்தால் மாலைக்கண் நோய் வரும். எல்லாவற்றிற்கும் மேலாக, உறக்கம் வந்தால் உறங்குதலே வேண்டும்.

நம் ஓட்டுநரும் அவ்வாறே செய்தார். நள்ளிரவு கடந்ததும் கண் கனத்தது. நெடுஞ்சாலையோரத்துத் தேநீர்க் கடையருகே வண்டியை நிறுத்தினார். அப்பொழுதுதான் தெய்வப் படத்தின் வண்ண விளக்குகளை மீண்டும் ஏற்றினார். கிளீனரின் முகம் மலர்ந்தது. “நிற்கும் வண்டிக்கு இது அழகு, தம்பி, ஓடும் வண்டிக்கு இருளே அழகு” என்று கூறிவிட்டுச் சிறிது நேரம் கண்ணயர்ந்தார். பின்பு முகம் கழுவி, விளக்குகளை அணைத்து, வண்டியைக் கிளப்பினார். பொழுது புலரும் வேளையில் லாரி சென்னையை அடைந்தது. வைக்கோலைப் பிரித்தபோது அகல்கள் உடையாமல் இருந்தன. வழியிலே நடந்து சென்றவர்களும் தத்தம் வீடு போய்ச் சேர்ந்திருந்தனர்.

பயிற்சி

1. ஓட்டுநர் வண்ண விளக்குகளை ஏன் அணைத்தார்?
2. குச்சி உயிரணுக்களுக்கும் கூம்பு உயிரணுக்களுக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. நீர்மூழ்கிக் கப்பலுக்கு ஏற்ற சிவப்பு விளக்கு, லாரிக்குச் சிறிதே பயன்படுவது ஏன்?
4. “விளக்கு தூக்கத்துக்கு ஈடாகாது” என்பதை விளக்குக.
5. கண்ணாடிச் சன்னல் சோதனையை உங்கள் வீட்டில் செய்து, கண்டதைப் பத்து வரிகளில் எழுதுக.