மாஞ்சோலைக் குடும்பங்களோடு பழக: புதிதாக ஊழியத்துக்கு வருவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஊழியத்துக்கென்று வீட்டைவிட்டுக் கிளம்புகிற பிள்ளைகள் நெல்லைச் சீமையில் இன்றும் இருக்கிறார்கள். முன்பு வடநாட்டுக்கும் மலைநாட்டுக்கும் போனார்கள். இப்போது அவர்களில் சிலர் மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டைப் பற்றிக் கேட்கிறார்கள். வேலையும் வீடும் ஒன்றாகப் பறிபோன குடும்பங்கள் அங்கே இருக்கின்றன என்று செய்தியில் பார்த்திருக்கிறார்கள். நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது. கோயில் குழுவோ ஜமாத்தோ தொண்டு நிறுவனமோ, எந்த வழியாக வந்தாலும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

இந்த விஷயத்தில் திருநெல்வேலிக்கு இரண்டு பக்க அனுபவமும் உண்டு. 1820இல் மிஷனரி ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்து தங்கினார். அவரைப் போன்றவர்களை வரவேற்ற இதே ஊரின் மக்கள் 1903இல் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, தங்கள் காணிக்கையில் தங்கள் ஆட்களை நிஜாம் ராஜ்யத்துத் தோர்ணக்கல் பகுதிக்கு அனுப்பினார்கள். அங்கே பேச்சு தெலுங்கு, ஆட்சி வேறு, சாப்பாடு வேறு. போனவர்களுக்கு அது வெளிநாடுதான். அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான வெள்ளாளன்விளை வேதநாயகம் சாமுவேல் அசரியா 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் பேசினார். வெள்ளைக்கார மிஷனரிகளின் தியாகத்துக்கெல்லாம் நன்றி சொல்லிவிட்டு, எங்களுக்கு உங்கள் நட்பும் வேண்டும் என்று சபை நடுவே கேட்டார். கேட்டவர்களில் பலருக்கு அது சுருக்கென்று தைத்தது. கொடுக்கிறவர் மேலேயும் வாங்குகிறவர் கீழேயும் இருக்கிற வரைக்கும் அங்கே நட்பு வராது. கீழே நான் எழுதியிருப்பதெல்லாம் அந்த ஒரு கோரிக்கையை மாஞ்சோலையில் எப்படி நிறைவேற்றுவது என்பதுதான்.

1. யாரைப் பார்க்கப் போகிறீர்கள்?

மலையேறும் முன் வரலாற்றைப் படியுங்கள். இதைத் தவிர்த்துவிட்டுப் போகிறவர் முதல் உரையாடலிலேயே தடுக்கி விழுவார்.

1929 பிப்ரவரி 12 அன்று சிங்கம்பட்டி ஜமீன் தன் மலைக்காட்டில் 8,373 ஏக்கர் நிலத்தைப் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. காட்டைத் திருத்தித் தேயிலை போட்டவர்கள் கீழிருந்தும் கேரளப் பக்கமிருந்தும் போன கூலி மக்கள். பெரும்பாலோர் தலித்துகள். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று எஸ்டேட்டுகள் வரிசையாக அமைந்தன. ஜமீன் ஒழிப்புக்குப் பிறகு நிலம் அரசுக்கு வந்தது, குத்தகை தொடர்ந்தது. சுற்றிலும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 2018இல் அந்த நிலமும் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. குத்தகை முடிய வேண்டியது 2028இல். ஆனால் கம்பெனி 2024 ஜூனிலேயே வேலையை நிறுத்திவிட்டு, விருப்ப ஓய்வில் கையெழுத்துக் கேட்டது. தொகையில் நாலில் ஒரு பங்கு முதலில், மீதி வீட்டைக் காலி செய்த பிறகு. எஸ்டேட்டை அரசின் தேயிலைத் தோட்டக் கழகம் ஏற்று நடத்த வேண்டும் என்று தொழிலாளர்கள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார்கள். 2024 டிசம்பரில் அந்தக் கோரிக்கை தள்ளுபடியானது.

நாலு தலைமுறை உழைத்த மண்ணில் ஒரு சென்ட் கூட அவர்கள் பெயரில் கிடையாது. குடியிருந்த லைன் வீடு கம்பெனியுடையது, மலை அரசாங்கத்துடையது. வேலை போன அன்றே வீடும் போகும் நிலை. இவர்களை ஏழைகள் என்று மட்டும் பார்த்தால் பாதி விஷயம் விடுபட்டுப்போகும்.

மீதிப் பாதி 1999 ஜூலை 23. கூலி உயர்வு கேட்டும், சிறையில் இருந்த தொழிலாளர்களை விடுவிக்கக் கோரியும் திருநெல்வேலியில் ஊர்வலம் போனார்கள். கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் போலீஸ் தடியடி நடத்தியது. உயிர் தப்பத் தாமிரபரணியில் இறங்கியவர்களும் தப்பவில்லை. ஒன்றரை வயதுக் குழந்தை உட்பட 17 பேர் செத்தார்கள். ஆர்.ஆர். சீனிவாசனின் ‘நதியின் மரணம்’ ஆவணப்படம் இதைப் பதிவு செய்திருக்கிறது. பார்த்துவிட்டுப் போங்கள். ஆனால் முதல் சந்திப்பில் யாரிடமும் அந்த நாளைப் பற்றிக் கேட்காதீர்கள். அவர்களாக ஒருநாள் சொல்வார்கள். சங்கம் வைத்து, சிறைக்குப் போய், சாவைப் பார்த்து, வழக்காடியவர்கள் அவர்கள். உரிமை என்றால் என்னவென்று நாம் போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

2. முதலில் சமவெளி, பிறகு மலை

திருநெல்வேலியிலிருந்து கல்லிடைக்குறிச்சி வழியாக மணிமுத்தாறு. அங்கே வனத்துறைச் சோதனைச் சாவடி. சொந்த வாகனத்துக்கு முன் அனுமதி வேண்டும். விதிகள் அடிக்கடி மாறும், கிளம்புகிற வாரத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். அரசுப் பேருந்து மேலே போகிறது, அதில் போவதே நல்லது. காரில் போய் இறங்குகிறவரை டூரிஸ்ட் என்றோ அதிகாரி என்றோதான் நினைப்பார்கள். பஸ்ஸில் ஏறினால் இறங்குவதற்குள் இரண்டு பேர் ஊர், பேர் விசாரித்துவிடுவார்கள்.

ஆனால் இன்று மாஞ்சோலைக் குடும்பம் என்றால் மாஞ்சோலையில் இருக்கும் குடும்பம் என்று பொருளல்ல. பலர் இறங்கிவிட்டார்கள். கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம், திருநெல்வேலி என்று உறவுக்காரர் இருக்கும் பக்கமெல்லாம் வாடகைக்குச் சிதறிக் கிடக்கிறார்கள். தேவை அதிகம் கீழேதான். நாற்பது வருஷம் குளிரில் கொழுந்து பறித்த பெண்ணுக்குச் சித்திரை வெயிலில் தகரக் கூரை வீடு. இந்தப் பக்கத்துப் பெண்களுக்குப் பீடி சுற்றல் கைவந்த தொழில். சின்ன வயதில் பழகாத விரலுக்கு அது ஓடாது. ஐம்பத்தைந்து வயதில் ஜவுளிக்கடையும் எடுக்காது. மலையைப் பார்க்கும் ஆசையை ஒத்திவைத்துவிட்டு, இறங்கியவர்களிடமிருந்து தொடங்குங்கள். மேலே இருப்பவர்களிடம் அவர்களே உங்களை அனுப்பிவைப்பார்கள்.

மேலே போனால் மழைக்குத் தயாராகப் போங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தமிழ்நாட்டிலேயே அதிக மழை பதிவாகும் இடங்களில் ஊத்தும் நாலுமுக்கும் அடிக்கடி இருக்கும். அட்டைக்கு உப்போ மூக்குப்பொடியோ வைத்துக்கொள்ளுங்கள்.

3. வெறுங்கையோடு போய், கொடுப்பதை வாங்கிக்கொள்ளுங்கள்

முதல் தடவை அரிசி மூட்டையோடு போகாதீர்கள். இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். மூட்டையோடு போனவர் எத்தனை வருஷம் கழித்துப் போனாலும் மூட்டைக்காரர்தான்.

லைன் வீட்டில் முன்னறை ஒன்று, அடுக்களை ஒன்று. மழைக்காலத்தில் விறகடுப்புக்கு மேலே கொடி கட்டி, பள்ளிக்கூடச் சட்டைகள் காய்ந்துகொண்டிருக்கும். அந்தச் சட்டையில் புகை வாசனை ஒருபோதும் போகாது; கீழே விடுதியில் சேர்ந்த முதல் நாள் அதை வைத்தே பிள்ளைகளைக் கண்டுபிடிப்பார்கள். உங்களை அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். பால் இல்லாத கட்டஞ்சாயா வரும். “வேண்டாம், சிரமப்படாதீங்க” என்று சொல்லாதீர்கள். குடியுங்கள். நன்றாக இருந்தால் இன்னொரு தம்ளர் கேளுங்கள். வீட்டுக்காரம்மா அந்த இரண்டாவது தம்ளரை ஊற்றும்போது அவர்தான் கொடுக்கிறவர், நீங்கள் வாங்குகிறவர். அசரியா கேட்டது அங்கேதான் ஆரம்பமாகிறது.

சமாளிக்க வேண்டிய கேள்வி ஒன்று எப்படியும் வரும்: “வந்துட்டுப் போற ஆளா தம்பி, இல்ல இருக்கிற ஆளா?” எத்தனையோ பேர் வந்து படம் எடுத்து, மனு எழுதி, போன பிறகு கேட்கிற கேள்வி அது. உண்மையைச் சொல்லுங்கள். மூன்று மாதம்தான் என்றால் மூன்று மாதம் என்றே சொல்லுங்கள்.

4. முறை வைத்துப் பேசுங்கள்

பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கத்தைச் சாவடியிலேயே விட்டுவிடுங்கள். மூத்த ஆண் அண்ணாச்சி, அவர் மனைவி மைனி. அம்மா வயதுக்காரர் பெரியம்மா அல்லது சித்தி, பாட்டி ஆச்சி. உங்களை அவர்கள் ஐயா, பிரதர், சிஸ்டர் என்று கூப்பிட்டால் உடனே மாற்றப் பார்க்காதீர்கள். ஒருநாள் அது தானாகத் தம்பி, பாப்பா என்று ஆகும். அன்றைக்கு நீங்கள் சேர்ந்துவிட்டீர்கள்.

சாதி கேட்காதீர்கள். உங்களைக் கேட்டால் மழுப்பாதீர்கள்.

5. கையில் ஒரு ஃபைலோடு: உண்மையில் உதவும் வேலை

இதுதான் இந்த வழிகாட்டியின் மையம். பிரசங்கம் செய்ய வந்தவருக்கு இது சப்பென்று தெரியலாம். ஆனால் மலையிலிருந்து இறங்கிய குடும்பத்தின் இன்றைய துயரத்தில் பாதி, காகிதத்தில் இருக்கிறது.

எஸ்டேட் முகவரியில் இருந்ததெல்லாம் மாற வேண்டும்: ஆதார், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, வங்கிக் கணக்கு. வாடகை வீட்டுக்காரர் ஒப்பந்தம் எழுதித் தரத் தயங்குவார். முகவரி இல்லாமல் ஊரக வேலைத் திட்ட அட்டை இல்லை. பிள்ளையைப் புதுப் பள்ளியில் சேர்க்க மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ். ஒன்று இல்லாமல் இன்னொன்று கிடைக்காது.

பிறகு பணிக்கொடை. ஐந்து வருஷம் முடித்தவருக்கு, வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் கூலி. கணக்குப் போடும்போது கடைசியாக வாங்கிய மாதக் கூலியை 26ஆல் வகுப்பார்கள். வந்த தொகை சரியா என்று அவர்களோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். கணக்கை அவர்கள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். அடுத்தது பி.எஃப். பத்து வருஷப் பணி இருந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. 50 வயதிலேயே வாங்கலாம், ஆனால் தொகை குறையும், அந்தக் குறைவு ஆயுசுக்கும் நிற்கும். அவசரத்துக்குக் கையெழுத்துப் போடும் முன் இதை விளக்கிச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். ஓய்வூதியம் வாங்குகிறவர் வருஷத்துக்கொரு முறை உயிர்வாழ் சான்று கொடுக்காவிட்டால் பணம் நின்றுபோகும்.

நடைமுறையில் எல்லாம் சிக்குவது பெயரில்தான். எஸ்டேட் பதிவேட்டில் பேச்சியம்மா, ஆதாரில் பேச்சியம்மாள், வங்கியில் எம். பேச்சி. பிறந்த தேதி மூன்றிலும் மூன்று. எஸ்டேட்டில் இருப்பது, பதினெட்டு வயதில் கங்காணி சொன்னதைக் கணக்குப்பிள்ளை எழுதிக்கொண்டது. பி.எஃப். பதிவில் அதைத் திருத்தப் பல சமயம் கூட்டு விண்ணப்பத்தில் நிர்வாகத்தின் கையெழுத்தும் வேண்டும். அலுவலகம் போக ஒருநாள் கூலி, பஸ் செலவு, கவுன்டரில் “நாளைக்கு வா” என்ற பதில். நீங்கள் கூடப் போய் வரிசையில் நின்றாலே அந்தப் பதில் மாறும். பேச வேண்டியதைப் பெரியம்மாவே பேசட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். அடுத்த தடவை அவர் பக்கத்து வீட்டுக்காரியைத் தானே கூட்டிப்போவார்.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு ஃபைல் போடுங்கள். அசல் அவர்களிடம், நகலும் அவர்களிடம். உங்கள் கைவசம் எதுவும் வேண்டாம்.

6. ஜெபிக்கலாமா?

மாஞ்சோலையில் கோவிலும் சர்ச்சும் பள்ளிவாசலும் ஒரே மழையில் நனைந்தவை. அடுத்தடுத்த வீட்டில் அடுத்தடுத்த சாமி. கல்யாணத்துக்கும் சாவுக்கும் எல்லாரும் ஒன்று. அதைக் கெடுக்கிற எதையும் செய்யாதீர்கள்.

விசுவாசத்தை மறைக்கவும் வேண்டாம். யார் நீங்கள், ஏன் வந்தீர்கள் என்று கேட்டால் தெளிவாகச் சொல்லுங்கள். ஜெபிக்கச் சொன்னால் ஜெபியுங்கள். ஆனால் விண்ணப்பம் எழுதிய கையோடு துண்டுப் பிரசுரம் நீட்டாதீர்கள். அரிசியையும் ஆராதனையையும் ஒன்றாக முடிச்சுப் போட்டால் வாங்குகிறவருக்கு மறுக்கும் சுதந்திரம் போய்விடுகிறது, சுதந்திரமில்லாத இடத்தில் விசுவாசமும் இல்லை. நம் சபைகள் இதை இன்னும் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை என்பது என் வருத்தம்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு: சுற்றுலா விசாவில் மதப் பணி செய்ய முடியாது, அதற்கு மிஷனரி விசா தனி. ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கும் தமிழர்களும் மிஷனரிப் பணிக்குத் தனி அனுமதி பெற வேண்டும்.

7. பணமும் படமும்

கடன் கொடுக்காதீர்கள். அவசர வைத்தியம் என்றால் கொடுத்துவிட்டு மறந்துவிடுங்கள். குழந்தைகளைப் படமெடுத்து நன்கொடையாளருக்கு அனுப்பாதீர்கள். பெற்றோர் சம்மதித்தாலும் வேண்டாம். உங்களிடம் முடியாது என்று சொல்ல அவர்களால் முடியுமா என்று யோசியுங்கள்.

8. எத்தனை நாள் இருப்பது, எப்படிக் கிளம்புவது

மாஞ்சோலை மலைத்தொடரின் அடிவாரத்தில், களக்காட்டுக்குத் தெற்கே டோனாவூர். மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1895இல் இந்தியா வந்து, சேலை உடுத்தி, பிள்ளைகளுக்கு அம்மாவாகி, 1951இல் அங்கேயே கண்மூடினார். இடையில் ஒருமுறைகூட விடுப்பில் தாய்நாடு போகவில்லை. எல்லாராலும் அது முடியாது, முடிய வேண்டும் என்றும் இல்லை. ஆனால் ஒரு வாரம் வந்துபோவதைவிட வாரம் ஒருநாள் என்று இரண்டு வருஷம் வருவது மேல். பாளையங்கோட்டைக்காரருக்கு அது முடியும். பத்துக் குடும்பம் வேண்டாம், மூன்று போதும்.

ஜூலை 23 அன்று அஞ்சலிக்கு ஆற்றங்கரைக்குப் போகிறவர்கள் கூப்பிட்டால் கூடப் போங்கள். மைக் பக்கம் போகாதீர்கள்.

கிளம்பும் நாள் வந்தால் ஒரு மாதம் முன்பே வீடு வீடாகப் போய்ச் சொல்லுங்கள். நிலுவையில் இருக்கும் விண்ணப்பங்களின் எண், தேதி, அடுத்து போக வேண்டிய அலுவலகம் எல்லாவற்றையும் தமிழில் ஒரே தாளில் எழுதி ஃபைலின் முதல் பக்கத்தில் வையுங்கள். உங்களுக்குப் பிறகு வருகிறவரை நேரில் கூட்டிப்போய் அறிமுகப்படுத்துங்கள். யாரும் வரவில்லை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். போன் நம்பரை மாற்றாதீர்கள். வருஷா வருஷம் உயிர்வாழ் சான்று கொடுத்தாயிற்றா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள், அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அழைத்தால் லீவு போட்டுவிட்டு வாருங்கள்.